உஷார்! நடுக்கம் நின்றதும் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள்!

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்தே பழகிவிட்டோம். அதனாலேயே ஆற்காடு, ஆம்பூர் பக்கம் குளிரை யாரும் மதிப்பதில்லை. மார்கழி விடியலில் பாலாற்றங்கரைப் பக்கம் போய் நின்று பாருங்கள், தெரியும். வீட்டில் சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிற பெரியவர் இருக்கிறாரா? அப்படியானால் இதைப் படிக்காமல் போகாதீர்கள்!

ஆம்பூர் பக்கம் நடந்தது. தோல் ஷாப்பில் காலமெல்லாம் ஈரத்தில் நின்று உழைத்த மனுஷர். ராத்திரி இன்சுலின் போட்டுக்கொண்டார். "பசிக்கலம்மா" என்று இரண்டு வாயோடு எழுந்து திண்ணையில் படுத்துவிட்டார். நடுராத்திரியில் பல் தந்தியடித்தது. கம்பளி போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்பாடா, தூங்கிட்டார் என்று எல்லோரும் படுத்தார்கள்.

அது தூக்கமே இல்லை!

விடியலில் மருமகள் தொட்டால் உடம்பு ஐஸ், கழுத்தெல்லாம் வியர்வை. "மாமா, மாமா" என்று உலுக்கினால் வாய் குழறுகிறது. 108-இல் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை 38! நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும், கண் திறக்கும் முன்பே உடம்பு வெடவெடவென்று ஆடியது. வீடே அலறியது. அந்த நடுக்கம்தான் நல்ல சேதி என்று யாருக்குத் தெரியும்?

குளிரில் நமக்கு அடுப்பு தசைதான். நடுங்க நடுங்க அது சூட்டைக் கிளப்பும். ஆனால் நடுங்கு என்று உத்தரவு போடுவது மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ். தசை கொழுப்பை எரித்தாவது சமாளித்துக்கொள்ளும். நரம்பணுவுக்கு அந்த வசதி இல்லை. ரத்தத்தில் வரும் குளுக்கோஸ்தான் அதற்குச் சோறு. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், தின்பதோ சக்தியில் சுமார் 20 சதவீதம்! அது பட்டினி கிடந்தால் உத்தரவு நின்றுபோகும். அடுப்பில் விறகு இருக்கும், பற்றவைக்க ஆள் இருக்காது. 1981-இல் இங்கிலாந்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். குளிரில் நடுங்கியவர்களுக்கு இன்சுலினால் சர்க்கரையை இறக்கியதும் நடுக்கம் நின்றது. குளுக்கோஸ் ஏற்றிய சில விநாடிகளில் திரும்பி வந்தது.

குளிர் குறையாமலே நடுக்கம் நின்றால் ஆபத்து. குளிரில் வியர்த்தால் ஆபத்து. பேச்சு குழறினாலும், காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலும் உடனே சர்க்கரையைப் பாருங்கள். சில பி.பி. மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். ஏலகிரிக்குப் போய் "குளிருக்கு ஒரு கட்டிங்" போடுகிறவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்! சாராயம் கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதையும் தடுக்கும், உடம்புச் சூட்டையும் தோல் வழியே வெளியே விட்டுவிடும்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய், விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லையா? வாயில் எதையும் ஊற்றாதீர்கள்! ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரத்துக்கு மக்கன் பேடாவை ஊட்டிவிடுகிற ஆற்காட்டுப் பாசமும் வேண்டாம்; அதிலுள்ள நெய்யும் கோவாவும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும்.