ஒரு பாட்டு பதிவாகும் விதம்

இசையை விரும்பாதவர் உலகில் இல்லை. பேருந்தில் ஏறினாலும் பாட்டு. திருமண வீட்டிலும் திருவிழாவிலும் பாட்டு. பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர் யார் என்று கேட்டால் விழிப்போம். குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பிடித்து, அளவறிந்து சேர்த்து, நம் செவிக்குக் கொண்டுவரும் கலைக்கு ஒலிப்பதிவு, ஒலிக்கலவை என்று பெயர். அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், வடக்குப்பட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நமக்கு அது எவ்வாறு பயன்படும் என்பதையும் இங்கே காண்போம்.

குழலில் பாடிய காலம்

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். நம் நாட்டில் 1902-ல், கல்கத்தாவில், கௌஹர் ஜான் என்னும் பாடகியின் பாட்டு இசைத்தட்டுக்காகப் பதிவாயிற்று. அந்நாளில் பதிவுக்கு மின்சார ஒலிவாங்கி கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழலின் எதிரே நின்று உரக்கப் பாட வேண்டும். குழலின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகடு அதிரும். அதனோடு இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். மெல்லிய குரல் படைத்தவருக்கு அங்கே இடமில்லை. 1925-ல் மின்முறைப் பதிவு வந்த பின்னரே தாலாட்டைத் தாலாட்டாகப் பாடிப் பதிய முடிந்தது.

ஒலிவாங்கியின் வேலை

மைக் என்று நாம் அழைக்கும் ஒலிவாங்கி, காற்றின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. மேடையில் காண்பது பெரும்பாலும் டைனமிக் வகை. அதில் காந்தத்தின் நடுவே ஒரு சிறு கம்பிச்சுருள் அசைகிறது. முரட்டு ஒலியைத் தாங்கக்கூடியது. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலுக்குப் பெரிதும் பயன்படுவது கண்டென்சர் வகை. மின்னூட்டம் பெற்ற மிக மெல்லிய படலம் அதில் அதிர்வதால், பாடகர் மூச்சு இழுப்பதுகூடப் பதிவாகிவிடும்.

ஒலிவாங்கியின் விலையைவிட முக்கியமானது அதை வைக்கும் இடம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால், வந்து சேரும் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பாடுபவர் விலகி நின்றால் குரல் குறைந்து, அறையின் எதிரொலியும் தெருவின் இரைச்சலும் முந்திக்கொள்ளும். ஆகையால்தான் கூடத்தின் சுவர்களுக்கு ஒலியை உறிஞ்சும் மெத்தைகளைப் பொருத்துகிறார்கள்.

ஒன்றாகப் பாடியதும் தனித்தனியே பாடுவதும்

தமிழ்ப் படவுலகின் தொடக்கத்தில் நடிகர்கள் படப்பிடிப்பின்போதே பாட வேண்டியிருந்தது. ஏ.வி. மெய்யப்பன் 1938-ல் வெளியிட்ட ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரல் கையாளப்பட்டது. அதன்பின் பாட்டைத் தனியே பதிவு செய்யும் முறை வேரூன்றியது. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் கூடி ஒரே மூச்சில் பாடி வாசிப்பார்கள். இறுதி அடியில் ஒருவர் சுருதி பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்!

பின்னர் பல தடங்கள் கொண்ட ஒலிநாடா வந்தது. ஒரே நாடாவில் இருப்புப்பாதைகள் போலப் பல தடங்கள் இணையாக ஓடும். ஒன்றில் குரல், மற்றொன்றில் வயலின், வேறொன்றில் தபலா. ஒருவர் பிழை செய்தால் அவர் தடத்தை மட்டும் மீண்டும் பதியலாம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டை நான்கு தட இயந்திரத்தில்தான் உருவாக்கினார்கள்.

இன்று நாடாவின் இடத்தைக் கணினி பிடித்துவிட்டது. குறுந்தகட்டுக்கு ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறார்கள். தடங்களுக்கும் எல்லை இல்லை. ஏ.ஆர். ரகுமான் 1989-ல் தம் வீட்டை ஒட்டி ‘பஞ்சதன்’ என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992-ல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் பாடல்கள் அவரை நாடறியச் செய்தன.

கலவை என்னும் கலை

தடங்கள் பதிவானால் மட்டும் பாட்டு ஆகிவிடாது. காய், பருப்பு, புளி, உப்பு எல்லாம் அடுப்படியில் இருப்பதனால் சாம்பார் ஆகிவிடுமா? அளவறிந்து சேர்ப்பவர்தான் ஒலிக்கலவையாளர். அவருடைய கருவிகள் நான்கை மட்டும் அறிவோம்.

முதலாவது, ஒவ்வொரு தடத்தின் அளவையும் ஏற்றி இறக்கும் ஃபேடர். இரண்டாவது, ஈக்வலைசர். மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்த எல்லைக்குள் தடித்த ஒலியையும் கீச்சொலியையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இது உதவும். மூன்றாவது, கம்ப்ரஸர். குரல் திடீரென உயரும்போது அது அளவைத் தாழ்த்தும். அதனால் மெல்லிய சொற்களும் அமிழ்ந்து போகாமல் கேட்கும். நான்காவது, ரிவர்ப். உயர்ந்த மண்டபத்தில் பாடினால் குரல் சற்று நின்று மறைகிறதல்லவா? அந்த விரிவைச் சிறு அறையில் பாடிய குரலுக்கும் இது தருகிறது.

1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் போட்டியிட்டு ஒலிக்கும் பாட்டை நம் பெற்றோர் அறிவர். நாதஸ்வரம் தெருவெங்கும் கேட்கும் வாத்தியம். அதன் அருகே ஒலிவாங்கி இல்லாமல் பாடினால் எந்தக் குரலும் எடுபடாது. ஆயினும் அப்பாட்டில் இரண்டும் சமமாக நிற்கின்றன. வலியதை அடக்கி மெலியதை எழுப்பி, இரண்டையும் கேட்கச் செய்வதே கலவையின் அறம்.

இக்கலையில் பெரும்பெயர் பெற்றவர் 2008-ல் மறைந்த எச். ஸ்ரீதர். ‘மகாநதி’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ போன்ற படங்களின் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருதில் பங்கு பெற்றவர். ஆனால் எத்தகைய வல்லுநராலும் கெட்டுப்போன பதிவை முழுவதும் சீராக்க முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நம் ஊரில் நாம் செய்யக்கூடியது

நம்மிடம் ஒலிப்பதிவுக் கூடம் இல்லையே என்று எண்ண வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நம் அக்காமாரும் அண்டை வீட்டாரும் தொழிற்சாலைகளில் பொருத்துகின்ற கைபேசிகள் ஒவ்வொன்றிலும் அரிசி மணி போன்ற ஒலிவாங்கி இருக்கிறது. பெற்றோரின் கைபேசியே நமக்குப் போதும்.

எதைப் பதிவது? ஒரகடம் சாலையின் இருபுறமும் வயல்களாயிருந்த நிலம் பல இடங்களில் தொழிற்சாலையாகிவிட்டது. வேலை கிடைத்தது, வீடுகள் உயர்ந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாற்று நடும்போதும் களை பறிக்கும்போதும் பாடிய பாட்டுகளுக்கு வயல் போய்விட்டது. பாடிய பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பாட்டு எந்த இசைத்தட்டிலும் இல்லை. அவர்களோடு அதுவும் போய்விட்டால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

ஆகவே, தோழியரே, இந்த விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு பாட்டையேனும் பதிவோம். முதலில் பாடுபவரின் சம்மதம் கேட்போம். ஒப்பாரியைச் சும்மா பாடக்கூடாது என்று கருதுவோர் உண்டு; அவர்களை வற்புறுத்த வேண்டாம். லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் குறைந்த வேளையில், சாலைக்குத் தள்ளிய உள்ளறையைத் தேர்ந்தெடுப்போம். மின்விசிறியை நிறுத்துவோம். ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் இரைச்சலும் எதிரொலியும் ஓரளவு குறையும். அழைப்பு வராதபடி கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, பாடுபவரின் வாயிலிருந்து ஒன்றிரண்டு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் அசையாமல் வைப்போம். நேர் எதிரே வைத்தால் மூச்சுக்காற்று பட்டுப் படபடக்கும். அரை நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகே முழுப்பாட்டையும் பதிய வேண்டும். தொடக்கத்தில் பாடுபவர் பெயர், ஊர், நாள், எந்த வேலைக்குரிய பாட்டு என்பவற்றைச் சொல்லிவிடுவோம். முடிந்ததும் அவருக்கே முதலில் போட்டுக் காட்டுவோம். பிரதியை இரண்டு இடங்களில் சேமிப்போம். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்றொலியை நீக்க ‘ஆடாசிட்டி’ என்னும் இலவசக் கணினி நிரல் உண்டு. பள்ளிக் கணினியிலேயே பழகலாம்.

கருவிகள் ஆண்டுதோறும் மாறும். ஆனால் பதிவு செய்பவருக்கு முதலில் வேண்டியது பொறுமையுடன் கேட்கும் செவி. அது நம் எல்லோரிடமும் இருக்கிறது. பாட்டிமார் பாடட்டும், நாம் அருகில் அமர்ந்து கேட்போம்.