படிக்கப் போகும் பிள்ளையும் பரம்பரை வாளும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மஃரிபுக்குப் பிறகு, என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த பையனொருவன் வீட்டுக்கு வந்தான். பேராதனைக்கு எடுபட்டிருந்தான். கையில் பழைய சாரமொன்றால் சுற்றிய நீளப் பொதி. அவிழ்த்தான். பித்தளைப் பிடி, கறுத்த தோலுறை, அலகில் கொடிவேலை. சீனடி அண்ணாவியாராக இருந்து மவுத்தாகிப் போன அவனுடைய மூத்தவாப்பாவுக்கு யாரோ மரியாதையாகக் கொடுத்த அலங்கார வாள். வெட்டுவதற்கான கூர் அதில் ஒருநாளும் இருந்ததில்லை.

"சேர், இத ஹொஸ்டலுக்குக் கொண்டு போகலாமா? இல்லாட்டி எங்க வெச்சிட்டுப் போற?"

இந்தக் கேள்விக்கு எனக்கு இருபது வருடத்துக்கு மேலான பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சீனடியும் சிலம்படியும் இருந்த நமது கிழக்கூர்களில் இப்படியான வாள் ஒன்றோ இரண்டோ இன்னும் சில வீடுகளில் கிடக்கிறது. வீட்டு மூத்தவர்கள் போய்ச் சேர்ந்தபின் அது பேரப்பிள்ளையின் பொறுப்புக்கு வருகிறது. பேரப்பிள்ளையோ படிக்கவும் தொழிலுக்கும் வெளியே போகிறான்.

ஹொஸ்டல் பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. கொண்டு போகக்கூடாது. நாலு பேர் அடைந்து கிடக்கும் அறை, பூட்டினாலும் பூட்டாத அலுமாரி, புது மாணவர் வந்த முதல் மாதங்களின் கலவரம். அந்த இடத்தில் ஒரு வாள் இருந்தால் அது அலங்காரப் பொருளா, கூரில்லாததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு சின்னச் சண்டை நடந்தால் போதும், சம்பந்தமே இல்லாத பிள்ளையின் பெயர் முதலில் எழுதப்படும். வழியில் பஸ்ஸில் பையைத் திறந்து பார்த்தால் என்ன சொல்வது? வாள் வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் எப்படி என்பதுதான் பேச வேண்டியது.

நான் 2002இல் பேராதனைக்குப் போனபோது எங்கள் வீட்டிலும் ஒரு வாள் இருந்தது. இதே மாதிரி, ஆனால் பிடியில் கிளித்தலை. மூத்தவாப்பா அதைச் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமை காலையில் துடைப்பார். அவர் போனபின் எனக்கு அதன்மேல் ஒரு வெறியான பாசம். யாரும் தொட்டுவிடக்கூடாதென்று உறைக்குள் போட்டு, பழைய பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் கட்டி, உம்மாவின் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனேன். மிகப் பத்திரம் என்று நினைத்தேன். முதல் நீண்ட விடுமுறைக்கு வந்து இழுத்தால் வாள் உறையைவிட்டு வரவில்லை. காக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருவியபோது சிவப்புத் தூள் கொட்டியது.

நான் செய்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. ஏன் என்று பிறகுதான் படித்தேன்.

இரும்பு துருவேற ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அது பாய்ச்சலாக நடக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். மூதூரில் இருந்துகொண்டு உப்புக்கு எங்கே போவது? கொட்டியாரக் குடாவின் காற்று யன்னல் கம்பியையே தின்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடையும் மழையும். சுவர்கூட வியர்க்கும். பொலித்தீன் வெளியீரத்தை மறிக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் உள்ளே ஏற்கெனவே இருந்த ஈரத்தை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இரவு குளிரும்போது அந்த ஈரம் இரும்பில் துளியாகப் படியும். பத்திரிகைத்தாள் அதைவிட மோசம். ஈரத்தைக் குடிக்கும், அமிலமும் உள்ளது.

பெரிய எதிரி தோலுறைதான். வாளுக்கென்றே செய்த உறை வாளைக் கெடுக்குமா என்று பையன் கேட்டான். கெடுக்கும். பதனிட்ட தோலில் அமிலம் மிச்சமிருக்கும். ஈரத்தையும் விடாது. பித்தளை தோலோடு உரசிக் கிடந்தால் தோலிலுள்ள கொழுப்பும் செம்பும் சேர்ந்து பச்சை மெழுகு மாதிரி ஒன்று பூக்கும். உறை என்பது இடுப்பில் கட்டிக்கொண்டு போவதற்கான பயணச் சாமான். வருடக்கணக்கில் படுக்க வைக்கும் பாயல்ல. நூதனசாலைகளில் அலகையும் உறையையும் வெவ்வேறாக வைப்பது இதற்காகத்தான்.

ஆக, வாளை உருவி எடு. மெல்லிய பழைய பெனியன் துணியால் நன்றாகத் துடை. வெறுங்கையால் அலகைத் தொடாதே. விரல் வியர்வையும் உப்புத்தான். தொட்ட இடத்தில் விரல் ரேகை துருவாகவே எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு எண்ணெய்.

இந்த இடத்தில் தமிழ் வாத்தியாரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு, ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது பாடியது. தொண்டைமானின் படைக்கருவிகள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ குத்தி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது கருத்து. புகழ்வது போலப் பழிப்பு. பாட்டின் துறை 'வாள்மங்கலம்'. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தொண்டைமானைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் ஒரு வாளை வைத்துப் பாதுகாக்க வந்த பிறகு நான் மெல்லத் தொண்டைமான் கட்சிக்கு மாறிவிட்டேன். போர் இல்லாத காலத்துக் கருவிக்கு நெய் பூசி, மாளிகையில் ஆள் வைத்துப் பார்த்தானே, அதில் என்ன குற்றம்? சண்டையில் முறிந்த வேலைவிடத் துருவேறாத வேல்தான் நமது காலத்துக்கு நல்லது.

பழந்தமிழில் நெய் என்றால் மாட்டு நெய் மட்டுமல்ல. எள்ளின் நெய்தான் எண்ணெய். ஆனால் சமையலறை எண்ணெய் எதையும் வாளில் பூசாதீர்கள். தேங்காயெண்ணெய் நாளாகக் காறிப் புளிக்கும். அப்போது அதுவே இரும்பை அரிக்கும், தூசியையும் ஒட்ட வைக்கும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் போதும். இரண்டு மூன்று சொட்டு, துணியால் இழுத்து, பார்த்தால் இருப்பதே தெரியாத அளவுக்கு. ஆறேழு மாதம் யாரும் தொடப்போவதில்லை என்றால் வெசலின் மெல்லிசாக. யப்பானியர் தங்கள் வாளுக்குக் கராம்பு மணக்கும் எண்ணெய் பூசுவார்கள். ஆனால் அவர்களிடம் படிக்க வேண்டியது எண்ணெயை அல்ல. பழைய எண்ணெயைக் குறித்த காலத்துக்கொருமுறை முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்களே, அந்த ஒழுங்கை.

ஏற்கெனவே துரு இருந்தால் சேண்ட் பேப்பரை எடுக்கவே கூடாது. கொடிவேலை அழிந்துவிடும். எண்ணெய் தோய்த்து ஒருநாள் ஊறவிட்டு, மெதுவாகத் துணியால் தேய்த்தால் மேல்தூள் வந்துவிடும். கறுப்புத் தழும்பு நிற்கும். நிற்கட்டும். பித்தளையைப் பளபளவென்று துலக்கும் திரவத்தாலும் பழைய வேலைப்பாடு தேயும், முலாம் இருந்தால் அதுவும் போகும். பெருநாளைக்குப் பெருநாள் பிடியைத் துலக்கித் துலக்கியே கிளியின் கண்ணை இல்லாமலாக்கியவர்கள் நாங்கள்.

இடம் எது? நிலத்தில் வேண்டாம், குளியலறைச் சுவரில் வேண்டாம், அடுப்புப் புகை வரும் பக்கம் வேண்டாம். உட்சுவரொன்றில், சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், படுக்கைவாட்டில், சுவருக்கும் அலகுக்கும் இடையில் விரலிரண்டு இடைவெளி விட்டு மரக்கொக்கியில் வைக்கலாம். ஆட்களின் கண்ணில் படக்கூடாதென்றால் பருத்திச் சீலையில் தளர்வாகச் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில், பூட்டி. உறை பக்கத்திலேயே தனியாக. இன்னொன்று: அலங்கார வாளைப் பலவற்றில் பிடிக்குள் போகும் இரும்புத் தண்டு மெலிந்ததாக இருக்கும். கலியாண வீட்டில் உற்சாகம் வந்து சுழற்றினால் அலகு கழன்று பறக்கும். சுவரில் மாட்டும் வாளைக் கையில் எடுத்து வீசக்கூடாது.

இரும்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாள்களை வகைப்படுத்தி ஒரு நூல் எழுதினார். அதில் சரந்தீப் எஃகு தனியாக வருகிறது. சரந்தீப் நமது நாடுதான். சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவில், தென்மேல் பருவக் காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய பழைய உலைகளை கில் ஜுலெப் என்ற தொல்லியலாளர் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். பையனின் வாள் அந்த எஃகா என்றால் நிச்சயமாக இல்லை. யாரோ ஒரு கடையில் விற்ற சாமான்தான். அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. அதன் மதிப்பு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதில் இருக்கிறது.

அதுதான் எங்கள் வாளுக்கு எழுதப்படாமல் போனது.

துருவெடுத்த பிறகு எங்கள் வாள் நன்றாகவே இருந்தது. வீட்டு வளையோடு கட்டிய கொக்கியில் மாட்டினோம். மூத்தம்மாதான் மாதாமாதம் துடைத்தார். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது தண்ணீர் அதை எட்டவில்லை. 2006 ஆகஸ்டில் ஊரே கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது அதைத் தொடவேயில்லை. அந்த வழியில் கையில் வாளோடு யார் போவது? திரும்பி வந்தால் கூரையில் பாதி இல்லை, வாள் இருந்தது. மழைக்கு முந்திய மாதமாக இருந்தது அல்லாஹ்வின் கிருபை. மூத்தம்மாவுக்குப் பிறகு அது ராத்தா வீட்டுக்குப் போனது. நான் தூரப் பாடசாலையொன்றில் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். வீடுகள் சோதிக்கப்பட்டன. மே மாத முதல் வாரத்தில், வாளோ கத்தியோ வைத்திருப்போர் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி அறிவித்தார்கள். அன்றாடத் தொழிலுக்குரிய கத்திகளுக்கு மட்டும் விலக்கு. மிம்பரில் கதீப் பிடிக்கும் மரவாளையும் பார்த்துப் பயந்த காலம் அது. அடுத்த வருடம், 2020 ஜூலையில், இஸ்தான்புல் அயா சோபியாவில் துருக்கியின் சமய விவகாரத் தலைவர் வாளூன்றி ஜும்ஆப் பிரசங்கம் செய்ததை உலகமே டீவியில் பார்த்தது. அந்த மரபின் இன்னொரு நுனிதான் நமது பள்ளிகளிலும் இருந்தது. ஆனால் அந்த மே மாதம் அதை யாருக்கு விளக்குவது?

மச்சான் ஓரிரவு வாளைக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் எனக்குப் போன். "என்ன செய்யிற மச்சான், புள்ளைகள் இரிக்கிற வீடு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்படவும் முடியாது. இது இன்னாருடைய வாள், இந்த வருடம் இதற்காகக் கிடைத்தது, கூரில்லாதது என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. மூத்தவாப்பா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு போட்டோகூட இல்லை. நான் அவ்வளவு பாசமாக வைத்திருந்த பொருளுக்கு ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. எண்ணெயைவிட இதைத்தான் பையனுக்கு அழுத்திச் சொன்னேன்.

அன்றிரவே வேலையைத் தொடங்கினோம். நீளம், அகலம், நிறை அளந்தோம். இரண்டு பக்கமும், பிடியும், அலகின் முனையும் தனித்தனியாகப் படமெடுத்தோம். கூரில்லாத ஓரம் தெரியும்படி ஒரு படம் கிட்டத்தில். மூத்தவாப்பாவின் சீனடி பற்றித் தெரிந்த வயதானவர் ஒருவரைத் தேடிப்போய், வாள் வந்த கதையை அவர் வாயால் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கினான். அதில் ஒரு பிரதி வாளோடு, ஒன்று உம்மாவிடம், ஒன்று அவனது போனில். வீட்டில் வைத்திருப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறதென்று தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளவும் அனுப்பினேன். அதில் வாத்தியார் வாய்வைக்கக் கூடாது.

கடைசியாக, யார் பார்ப்பது என்ற பேச்சு. "சேர், ஒங்கட ஊட்டுலயே வெச்சிருங்களன்" என்றான். மறுத்துவிட்டேன். அந்தக் குடும்பத்துப் பொருள் அந்தக் குடும்பத்துக் கண்ணில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கச்சி இருக்கிறாள். அவளிடம் கொடு என்றேன். "அவளா?" என்று இழுத்தான். உம்மாவின் தையல் மெஷினில் உட்காருபவள் அவள்தான், எண்ணெய்ப் போத்தல் அவள் கையில்தான் இருக்கிறது என்றதும் பேசவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை துடைத்துப் படமெடுத்து நானாவுக்கும் எனக்கும் அனுப்ப வேண்டுமென்பது ஏற்பாடு. அவன் போய் இரண்டு மாதம். பேராதனை வளாகத்தினூடாக ஓடுகிற மகாவலிதான் கடைசியில் நமது குடாவில் விழுகிறது என்று போகும்போது சொல்லிவிட்டேன், அழுவதற்கு ஒரு இடம் வேண்டுமென்றால் அந்தக் கரைதான் என்று. முதல் மாதப் படத்தில் வாள் சுத்தமாக இருந்தது. போன சனிக்கிழமை வந்த படத்தில் பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. உறைக்குள் போட்டாயா என்று கேட்டேன். "ஒரு ராவைக்கு மட்டும் சேர், மாமி ஆக்கள் வந்திருந்தாங்க" என்று பதில் வந்தது.