லூசிட் ஏர்

லூசிட் ஏர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் லூசிட் மோட்டார்சு நிறுவனம் உருவாக்கிய, மின்கலத்தால் மட்டும் இயங்கும் நான்கு கதவுச் சொகுசு மகிழுந்து ஆகும். டெஸ்லா மாடல் எஸ் மகிழுந்தின் தலைமைப் பொறியாளராக இருந்த பீட்டர் ராவ்லின்சன் இதன் உருவாக்கத்தை வழிநடத்தினார். அரிசோனா மாநிலத்தின் காசா கிராண்டே நகரிலுள்ள ஆலையில் தயாரான முதல் மகிழுந்துகள் 2021 அக்டோபரில் வாடிக்கையாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

செயல்திறன்

மின்னோடி சுழலத் தொடங்கும்போதே முழு முறுக்குவிசையையும் தரவல்லது. எரிபொறிக்குத் தேவைப்படும் பல்லிணை மாற்றம் இதற்குத் தேவையில்லை. மின்மகிழுந்துகள் விரைந்து முடுகுவதற்கு இதுவே காரணம். மூன்று மின்னோடிகள் கொண்ட சஃபையர் வகையின் திறன் 1,234 குதிரைத்திறன் ஆகும். இது மணிக்கு 97 கிமீ வேகத்தை 1.89 நொடிகளில் எட்டும் என நிறுவனம் அறிவித்துள்ளது.

ஓடுதொலைவு

ஒரு முழு மின்னேற்றத்தில் ஓடக்கூடிய தொலைவு ஓடுதொலைவு எனப்படும். 2021 இல் வெளியான டிரீம் எடிசன் ரேஞ்ச் வகைக்கு அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 837 கிமீ என மதிப்பிட்டது. இது 19 அங்குலச் சக்கரங்களுக்கான மதிப்பாகும். 21 அங்குலச் சக்கரங்களுடன் அதே மகிழுந்தின் மதிப்பு 774 கிமீ மட்டுமே.

ஓடுதொலைவு மின்கலத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று என்பதைப் பின்வரும் ஒப்பீடு காட்டும்.

- சஃபையர்: மின்கலம் 118 கிலோவாட்மணி, ஓடுதொலைவு 687 கிமீ
- பியூர் (2025): மின்கலம் 84 கிலோவாட்மணி; ஓடுதொலைவு 676 கிமீ

சஃபையரின் மின்கலம் 34 கிலோவாட்மணி பெரியதாயினும், அது கூடுதலாக ஓடுவது 11 கிமீ மட்டுமே. கூடுதல் மின்னோடி, எடை, பிடிப்பு மிகுந்த அகலமான டயர்கள் ஆகியவை வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன. பியூர் வகை ஒரு கிலோவாட்மணிக்கு ஏறத்தாழ 8 கிமீ ஓடுகிறது. சஃபையர் 6 கிமீக்கும் குறைவாகவே ஓடுகிறது.

காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. ஆகவே நெடுஞ்சாலையில் மிகுவேகத்தில் செல்லும்போது ஓடுதொலைவு மதிப்பீட்டை விடக் குறையும். இம்மகிழுந்தின் இழுவைக் கெழு 0.197 என நிறுவனம் குறிப்பிடுகிறது. வேகத்தைக் குறைக்கையில் மின்னோடி மின்னாக்கியாகச் செயல்பட்டு, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அளிக்கிறது. காற்றுத்தடையால் இழந்த ஆற்றலை இவ்வாறு மீட்க இயலாது.

மின்னேற்றம்

பெரிய மின்கலம் கொண்ட வகைகள் 900 வோல்ட்டுக்கும் மிகுந்த மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. இவற்றை 300 கிலோவாட் வரையிலான திறனில் மின்னேற்றலாம். இத்திறனை 400 வோல்ட்டில் செலுத்த 750 ஆம்பியர் தேவைப்படும். 900 வோல்ட்டில் 333 ஆம்பியர் போதும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அதே தடையுள்ள கம்பியில் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

மின்னேற்ற வேகம் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவாக இருப்பதில்லை. மின்கலம் நிரம்ப நிரம்ப, எதிர்மின்வாயிலுள்ள கிராபைட்டில் லித்தியம் அயனிகள் நுழைவதற்கான இடம் குறைகிறது. அந்நிலையில் மின்னோட்டத்தைக் குறைக்காவிடில், லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலத்தைக் கெடுக்கும். இதனால் கட்டுப்பாட்டு அமைப்பு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. நெடும்பயணத்தில் 80 விழுக்காட்டுடன் மின்னேற்றத்தை நிறுத்திப் புறப்படுவது நேரத்தை மிச்சப்படுத்தும். குளிர்ந்த மின்கலமும் மெதுவாகவே மின்னேற்றம் பெறும்.

சிக்கனமான மகிழுந்துக்கு மின்னேற்றத்திலும் நன்மை உண்டு. 150 கிலோவாட் திறன் ஒரு நிமிடத்தில் 2.5 கிலோவாட்மணி ஆற்றலை அளிக்கும். அது ஒரு கிலோவாட்மணிக்கு 8 கிமீ ஓடும் மகிழுந்துக்கு 20 கிமீ தொலைவையும், 5 கிமீ மட்டுமே ஓடும் மகிழுந்துக்கு 12.5 கிமீ தொலைவையும் தரும். எனவே மின்மகிழுந்துகளை ஒப்பிடும்போது மின்கலத்தின் கொள்ளளவுடன், ஒரு கிலோவாட்மணிக்கு ஓடும் தொலைவையும் சேர்த்துப் பார்ப்பது அவசியமாகும்.