தொலைந்து போன நாட்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து கார் வந்து வாசலில் நிற்கிறது. ஆரத்தி சுற்றிக் கொட்டியாகிறது. "ஐ.ஸி.யு.வில் 12 நாள்! இது மறு ஜன்மம்தான்" என்று வந்தவர்களெல்லாம் சொல்லி, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுப் போகிறார்கள். பிழைத்து வந்தாயிற்று, இனிமேல் உடம்பு தேற வேண்டியதுதானே என்று நீங்களும் நிம்மதியாக மூச்சு விடுகிறீர்கள்.

பத்து நாள் கழிகிறது. அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. குளியலறைக்குப் போய் வந்தாலே மனிதருக்கு இரைக்கிறது. காப்பி டம்ளர் கையில் நடுங்குகிறது. பேரன் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. இரவில் விளக்கை அணைக்கக் கூடாது என்கிறார். ஒரு நாள் உங்களை மெல்ல அருகில் அழைத்து, "அந்த நர்ஸ் என்னைக் கொல்லப் பார்த்தாள், தெரியுமா உனக்கு?" என்று கேட்கிறார்.

என்ன பதில் சொல்வீர்கள்? "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்! எவ்வளவு தங்கமான பெண் அவள்!" என்றுதானே? நம்மில் அநேகம் பேர் அப்படித்தான் சொல்வோம். அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். கஷ்டம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

இது அவருடைய தனிப்பட்ட கோளாறு அல்ல. உயிர் போகும் தறுவாயிலிருந்து மீண்டு வருகிறவர்களில் ஏராளமான பேருக்கு உடம்பிலும், மனத்திலும், புத்தியிலும் இப்படிப்பட்ட தொல்லைகள் தங்கிவிடுவதை டாக்டர்கள் கண்டார்கள். 2010-ஆம் வருஷம் அமெரிக்காவில் கூடிப் பேசி, தீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்த் தொகுதி என்று பொருள்படும்படி இதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அதிலே ஒரு நியாயமான காரியம் செய்தார்கள்: ஐ.ஸி.யு. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து நாட்களைக் கழித்த குடும்பத்தாருக்கு வருகிற தூக்கமின்மை, பயம், சோர்வு எல்லாவற்றையும் இதே கணக்கில் சேர்த்தார்கள். ஆகையால் அம்மா, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

தீவிர சிகிச்சை என்பது எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். 1952-ஆம் வருஷம் டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. கை காலை முடக்கும் வியாதி என்றுதான் நமக்குத் தெரியும். கொடுமையாக வந்தால் அது மூச்சு விடும் தசைகளையும் முடக்கிவிடும். அங்கே பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் 'இரும்பு நுரையீரல்' என்கிற பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்பில் பொருத்தும் சிறிய கருவிகள் ஆறு இருந்தன. மூச்சு முட்டி வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்து போனார்கள். ஆகஸ்டு 27-ந் தேதி, இப்ஸென் என்ற மயக்க மருந்து டாக்டர் ஒரு யுக்தி செய்தார். செத்துக்கொண்டிருந்த ஒரு 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துவாரமிடச் செய்து, அதில் குழாயைச் செருகி, ரப்பர் பை ஒன்றைக் கையால் அமுக்கி அமுக்கிப் பிராணவாயுவை உள்ளே செலுத்தினார். சிறுமி பிழைத்துக்கொண்டாள்!

ஆனால் பையை நிறுத்தாமல் அமுக்க வேண்டுமே, யார் அமுக்குவது? வைத்தியக் கல்லூரி மாணவர்களும் பல் வைத்திய மாணவர்களுமாக ஏறக்குறைய 1,500 பேர் முறை வைத்துக்கொண்டு வந்து, இரவு பகலாக நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அமுக்கினார்கள். 1953 டிசம்பரில் அதே ஊரில் இப்ஸென் திறந்த வார்டைத்தான் உலகத்தின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிறார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த நோயாளிகளின் பக்கத்தில் எந்நேரமும் ஒரு மனிதர் இருந்தார். தனக்காக மூச்சு விடுகிற கை யாருடையது என்று அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்தது. பிறகு இயந்திரம் வந்தது. இயந்திரத்தைக் குறை சொல்லக் கூடாது. மாணவனுக்குக் கை ஓயும், அதற்கு ஓயாது. எத்தனையோ தாலிகளைக் காப்பாற்றிய வெண்டிலேட்டர் அது. ஆனால் தொண்டையில் குழாயோடு மனிதன் அமைதியாகப் படுத்திருக்க வேண்டுமென்றால் மருந்து கொடுத்துத் தூங்கச் செய்ய வேண்டியிருந்தது. நாளடைவில் ஆழ்ந்த மயக்கத்திலேயே நாள் கணக்கில் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. தூங்குகிறவனுக்கு வலி ஏது, பயம் ஏது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதுதான் இல்லை! தூக்கம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிற அந்த நேரத்தில் உள்ளே வேறு ஓர் உலகம் நடந்துகொண்டிருக்கிறது. நம் பாட்டிமார் ஜன்னி என்றார்களே, அதேதான். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து டாக்டர்கள் 821 நோயாளிகளைக் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 100-க்கு 74 பேருக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜன்னி கண்டிருந்தது. கத்திப் பிதற்றினால்தான் ஜன்னி என்பதில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு 'சமர்த்தாக'ப் படுத்திருப்பதும் ஜன்னியாக இருக்கலாம். நோயின் விஷம், மருந்துகளின் மயக்கம், இரவென்றும் பகலென்றும் தெரியாத வெளிச்சம், ஓயாமல் கூவும் மணிகள், போதாக்குறைக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கழற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கும்! இத்தனையும் சேர்ந்தால் மூளை தன் இஷ்டத்துக்குக் கதை கட்டுகிறது. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டியிருப்பார்கள்; அவருக்கு அது சிறைச்சாலை. ஊசி போட வந்த நர்ஸ், விஷம் வைக்க வந்தவள். கட்டில் கப்பலாகிறது, ரயிலாகிறது.

இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் பக்கத்தில் விஸ்டன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கிறிஸ்டினா ஜோன்ஸ் என்ற அம்மையார், வீடு திரும்பியவர்களை மறுபடி வரவழைத்து, சாவகாசமாக உட்கார வைத்துப் பேசிப் பார்த்தார். 2001-இல் அவரும் கூட்டாளிகளும் ஓர் ஆச்சரியமான சங்கதியை எழுதினார்கள். நடந்தது நினைவில் இருந்தால், அது வேதனையான நினைவாக இருந்தாலும், ஓரளவு காப்பாற்றுகிறது. நிஜம் ஒன்றுமே நினைவில்லாமல் பிரமை மட்டும் நினைவில் நிற்கிறதே, அந்த நோயாளிகள்தாம் பிறகு திகிலால் அதிகம் அவஸ்தைப்படுகிறார்கள். ஊசி குத்தியது நினைவிருக்கிறவருக்குப் பரவாயில்லை. குத்தியதே தெரியாமல், கொல்ல வந்தது மட்டும் தெரிகிறவருக்குத்தான் ஆபத்து.

சரி, தொலைந்து போன நாட்களைத் திரும்பக் கொடுக்க வழி உண்டா? உண்டு. அதுவும் விலை உயர்ந்த மருந்து அல்ல. ஒரு நோட்டுப் புத்தகம்!

1980-களில் டென்மார்க் நர்ஸுகள் ஆரம்பித்த பழக்கம் இது. நோயாளியின் கட்டிலருகே ஒரு நோட்டு வைத்து, அவரிடம் பேசுகிற மாதிரியே தினம் நாலு வரி எழுதினார்கள். நார்வே, ஸ்வீடன், இங்கிலாந்து என்று அது பரவியது. ஜோன்ஸ் அம்மையார் ஆறு ஐரோப்பிய தேசங்களில் 12 ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார். நோட்டுக் கிடைக்காதவர்களில் 100-க்கு 13 பேருக்குத் திகில் நோய் புதிதாகக் கண்டது. கிடைத்தவர்களில் 5 பேருக்குத்தான். இதற்கு மாறான முடிவும் உண்டு. பிரான்ஸில் 35 ஐ.ஸி.யு.க்களில் செய்த பெரிய பரீட்சையில், 2019-இல், சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆகையால் இதைச் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுகிற கைக்கும் ஒரு வேலை வேண்டும் அல்லவா? வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ அது எத்தனை ஆறுதல்!

எழுதுவதற்குப் புலமை வேண்டாம். தேதி, கிழமை போடுங்கள். முதல் பக்கத்தில், எப்படி உடம்புக்கு வந்தது, யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள் என்பதை எழுதுங்கள். அநேகமாக அவருக்கு அதுவே நினைவிருக்காது. பிறகு: "இன்று உங்கள் கையைக் கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கப் பார்த்தீர்களாம். நான் வந்தபோது அவிழ்த்துவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் நல்ல மழை. தம்பி பரீட்சை எழுதிவிட்டான்." இவ்வளவு போதும். இயந்திரத்தின் கூவல், பக்கத்துக் கட்டிலில் நடந்த கலாட்டா இவற்றையும் எழுதி வையுங்கள். எது எந்தப் பிரமைக்கு விதையாக இருந்தது என்று பின்னால் அவருக்கே புரியும். கடன், சொத்து, மைத்துனர் சண்டை இதெல்லாம் அந்த நோட்டில் வேண்டாம். நர்ஸும் எழுதுகிற நோட்டு அது. போட்டோ எடுப்பதானால் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

உள்ளே விடும் அந்தப் பத்து நிமிஷத்தை அழுது கழிக்காதீர்கள். இன்ன கிழமை, இன்ன ஊர், இன்னார் வந்திருக்கிறேன் என்று காதோடு சொல்லுங்கள். கண்ணாடியை மாட்டிவிட அனுமதி கேளுங்கள். மூக்குக் கண்ணாடி ஒரு மருந்துதான்!

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து 2013-இல் எழுதினார்கள்: 10 நாட்களில் சராசரியாக 100-க்கு ஏறக்குறைய 18 பங்கு கரைந்துவிட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை என்றால் அது சோம்பலும் அல்ல, செல்லமும் அல்ல. மயக்கத்தைத் தினம் சற்று நிறுத்தி, குழாய் இருக்கும்போதே எழுப்பி உட்கார வைத்து, பல் தேய்க்கவும் நிற்கவும் பழக்கினால் என்ன என்று அமெரிக்க டாக்டர்கள் 104 பேரிடம் சோதித்தார்கள். அப்படிப் பழகியவர்களில் 100-க்கு 59 பேர் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தங்கள் காரியத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள். மற்றவர்களில் 35 பேர்தான். அது 2009-இல். அதற்காக அளவுக்கு மீறி விரட்டினாலும் பிரயோஜனமில்லை என்று 2022-இல் வந்த இன்னொரு பெரிய ஆராய்ச்சி சொல்கிறது. ஆகவே பிஸியோதெரபி சொல்லிக் கொடுப்பவர் வகுத்த அளவே அளவு. நேற்று கட்டிலிலிருந்து நாற்காலி, இன்று நாற்காலியிலிருந்து ஜன்னல் என்று அதையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரும். பெண்கள் இதற்குப் பயந்து நடுங்குகிறார்கள். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். எண்ணெய்க்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். விழுங்கும்போது புரைக்கேறினாலோ, குரல் கம்மியே இருந்தாலோ சும்மா இருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். கணக்கு வழக்கு மறப்பதையும் அப்படியே. நாஷ்வில் ஆராய்ச்சியில் ஒரு வருஷம் கழித்தும் 100-க்கு 34 பேருக்குப் புத்தி மந்தம் தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு இருக்கும் அளவில் இருந்தது. வீட்டில் பாங்கிக் காகிதங்களில் கையெழுத்து வாங்க அவசரப்படுபவர்கள் இதைப் படித்தால் தேவலை.

இனி அந்த நர்ஸ் விஷயம். "கொல்லப் பார்த்தாள்" என்று அவர் சொன்னால் மறுக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "உங்களுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. எவ்வளவு பயந்திருப்பீர்கள்! இன்னும் என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். முழுக்கச் சொல்லட்டும். பிறகு, "அன்றைக்கு நடந்ததை நான் எழுதி வைத்திருக்கிறேன், படிக்கட்டுமா?" என்று கேட்கலாம். வீட்டுக்கு வந்த அன்றே நோட்டை நீட்டிவிடாதீர்கள். விஸ்டனில் ஒரு மாதம் போல விட்டுத்தான் கொடுத்தார்கள். கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து விளக்கமும் சொன்னார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே அழுதால் அழட்டும். இரவெல்லாம் தூக்கமில்லாமல், சாப்பாடு செல்லாமல், வாழ்வே வேண்டாம் என்கிற பேச்சு வந்தால் மட்டும் தாமதிக்காமல் மனோதத்துவ டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

வேண்டாம், அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால்? வற்புறுத்தாதீர்கள். அலமாரியில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, வைத்த இடத்தை அவரிடம் சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் கழித்து, தாமே எடுத்து, தனியாக உட்கார்ந்து புரட்டுகிறவர்களும் உண்டு.