கொடிக்கு எதிரே ஒரு விளக்கு

டிசம்பரில் வட ஜெர்மனியில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். யூதர்களின் ஹனுக்கா பண்டிகை வருவது ஏறக்குறைய அந்த நாட்களில்தான். கிஸ்லேவ் மாதம் 25-ம் தேதி தொடங்கி எட்டு நாள். நிலவை வைத்துக் கணக்கிடும் காலண்டர் என்பதால் அமாவாசையும் இந்த எட்டு நாளுக்குள் வந்துவிடும். குளிர்காலம், நிலவும் கிடையாது!

கி.மு. 2-ம் நூற்றாண்டில் அந்தியோகஸ் என்ற கிரேக்க வம்ச மன்னன் யூதர்களின் வழிபாட்டுக்குத் தடை போட்டான். மக்கபேயர் எதிர்த்துப் போரிட்டு, கி.மு. 164-ல் ஜெருசலேம் ஆலயத்தை மீட்டார்கள். விளக்கேற்றத் தேடினால், தூய எண்ணெய் ஒரு நாளுக்குத்தான் இருந்தது. அதுவே எட்டு நாள் எரிந்தது என்கிறது தால்முத். அந்த எண்ணெயின் நினைவாக வீடுகளில் உருளைக்கிழங்கு அடையும் ஜாம் வைத்த டோனட்டும் பொரிப்பார்கள். குழந்தைகளுக்கு இதுதான் பண்டிகையே!

விளக்கை எப்படி ஏற்றுவது என்பதில் அந்தக் காலத்திலேயே இரண்டு கட்சி. முதல் நாள் எட்டு ஏற்றி, தினம் ஒன்றைக் குறைக்கச் சொன்னது ஷம்மாய் தரப்பு. ஒன்றில் ஆரம்பித்து, தினம் ஒன்றைக் கூட்டச் சொன்னது ஹில்லேல் தரப்பு. இன்று வழக்கத்தில் இருப்பது ஹில்லேல் முறைதான். இருட்டுக் காலத்துக்கு அதுதானே பொருத்தம்?

விளக்கு தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதும் விதி. வாசலில் வைக்கலாம், மாடி வீடென்றால் ஜன்னலில். ஆபத்தான காலத்தில் உள்ளே மேஜை மேல் வைத்தாலே போதும் என்று தால்முத்தே சலுகையும் தருகிறது.

ஜெர்மனியின் கீல் துறைமுக நகரில் ரப்பி அகிவா போஸ்னர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. 1930-களின் தொடக்கம். ஹிட்லர் இன்னும் ஆட்சியைப் பிடிக்கவில்லை. ஆனால் எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கொடி தொங்கியது. அதைப் பார்த்தபடியே ஜன்னலில் மெனோரா விளக்கை வைத்தார்கள். மனைவி ராகேல் அதைப் படம் பிடித்தார். முன்னால் விளக்கு, பின்னால் ஸ்வஸ்திகா. படத்தின் பின்பக்கம், கொடி சொல்வதற்கு விளக்கு பதில் சொல்வதாகச் சில வரிகளும் எழுதிவைத்தார்.

விளக்கு காப்பாற்றும் என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நாட்டைவிட்டுக் கிளம்புங்கள் என்று ரப்பி தன் சபையினரை வற்புறுத்தினார். பலர் அப்படித்தான் தப்பினார்கள். 1933-ல் அவரும் மனைவி, மூன்று பிள்ளைகளோடு புறப்பட்டார். மெனோராவும் கூடவே போனது.

இப்போது அது ஜெருசலேமின் யாத் வாஷேம் நினைவகத்தில் இருக்கிறது. ஆனால் ஹனுக்கா வந்தால் போஸ்னர் குடும்பம் அதை வாங்கிப்போய் வீட்டில் ஏற்றும். 2022 டிசம்பரில் பேரப்பிள்ளைகள் அதை ஜெர்மனிக்கே கொண்டுவந்தார்கள். பெர்லினின் பெல்வியூ மாளிகையில், ஜெர்மனியின் ஜனாதிபதி ஸ்டெய்ன்மையர் அருகில் நிற்க, அதே மெனோராவில் மெழுகுவர்த்திகள் எரிந்தன.