அலங்காரமல்ல, ஆதாரம்!

பணி ஓய்வுக்குப் பிறகு, தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக் குழுவில் வெளி உறுப்பினராகப் பங்கேற்றேன். கள ஆய்வாளர் பணிக்காக வந்திருந்த இளைஞர்களில் இருவரை இன்றும் மறக்க இயலவில்லை.

முதலாமவர், வழவழப்பான தாளில் அச்சிட்டுக் கெட்டி அட்டையிட்ட பணித் தொகுப்பு ஒன்றை மேசை மீது வைத்தார். வண்ண வரைபடங்கள், சான்றிதழ்கள், நிழற்படங்கள் என அறுபது பக்கங்கள். அதிலிருந்த ஆய்வறிக்கை ஒன்றைச் சுட்டிக்காட்டி, 'இந்தக் கிராமத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று கேட்டேன். அவரிடம் விடை இல்லை. விலை கொடுத்து வாங்கிய அறிக்கை அது என்பது இரண்டாவது கேள்வியிலேயே புலப்பட்டுவிட்டது.

அடுத்து வந்த பெண், தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஆங்கிலம் தட்டுத் தடுமாறியே வந்தது. அவரது கோப்பில் மூன்றே பணிகள். அவற்றுள் ஒன்று, காலையில் 900 ரூபாய் கடன் பெற்று, மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பிச் செலுத்தும் காய்கறி வியாபாரிகளைப் பற்றியது.

'முதலில் விடியற்காலையில் மட்டுமே விவரம் சேகரித்தேன். கடன் வாங்கியவர்களுக்கு அந்த நேரத்தில் நின்று பேச முடியவில்லை. பேசியவர்கள் பெரும்பாலும் சொந்த முதல் வைத்திருந்தவர்கள். என் அட்டவணை தவறு என்று தெரிந்ததும் மாலையில் மறுபடியும் சென்றேன்' என்றார். தவறான அட்டவணையையும் திருத்திய அட்டவணையையும் அடுத்தடுத்துக் காட்டினார். அவரே தேர்வானார்.

இந்த வேறுபாட்டுக்குப் பொருளியலில் விளக்கம் உண்டு. பழைய கார் விற்பவருக்கு அதன் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வு சந்தையையே சீர்குலைக்கும் என்று 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதினார். வேலைச் சந்தையும் அத்தகையதே என்றார் மைக்கேல் ஸ்பென்ஸ். வேலை தேடுபவர் தம் திறனை உணர்த்த ஒரு சமிக்ஞை தருகிறார். திறன் குறைந்தவர் அதே சமிக்ஞையைத் தருவது கடினமாக இருந்தால்தான் அதற்கு மதிப்புண்டு என்பது அவர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம். இவ்விருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பட்டம் இன்று வரிசையில் நிற்கும் அனைவரிடமும் இருக்கிறது. கோப்பை அழகாக அச்சிடச் சில நூறு ரூபாய் போதும். ஆனால், ஒரு பணியைச் செய்யாதவரால் அதைப் பற்றிய ஐந்து கேள்விகளுக்குத் தொடர்ந்து விடையளிக்க இயலாது. எனவே, பணித் தொகுப்பின் மதிப்பு அதன் பக்கங்களில் இல்லை. அதை முன்வைத்து நாம் அளிக்கும் விளக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, செய்த அனைத்தையும் சுமந்து செல்ல வேண்டியதில்லை. விண்ணப்பித்த பணிக்குப் பொருந்தும் மூன்று அல்லது நான்கு போதும். மிகவும் பொருந்துவது முதலில் இருக்கட்டும். ஒவ்வொன்றைப் பற்றியும் எதிர்கொண்ட சிக்கல் என்ன, நான் எடுத்த முடிவு என்ன, ஏன் எடுத்தேன், விளைவு என்ன, மறுபடியும் செய்தால் எதை மாற்றுவேன் என்பவற்றை இரண்டு நிமிடங்களில் சொல்லப் பழக வேண்டும். அறைக்குள் நுழைந்தவுடன் கோப்பை நீட்டுவதைவிட, கேள்வி எழும்போது உரிய பக்கத்தைத் திறந்து காட்டுவதே சிறப்பு. இணையத்தை நம்பி மடிக்கணினியுடன் செல்பவர்கள் அச்சுப் படி ஒன்றையும் வைத்திருப்பது நல்லது.

கூட்டாகச் செய்த பணியெனில் தம் பங்கு எது என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். முந்தைய நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைக் காட்டுவது கூடவே கூடாது. பழைய நிறுவனத்தின் நம்பிக்கையைக் காக்காதவர் நாளை நம் நம்பிக்கையை எப்படிக் காப்பார் என்றே தேர்வுக் குழு எண்ணும்.

விலைக்கு வாங்கிய அறிக்கையுடன் வந்த அந்த இளைஞரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பணியாற்றிய எனக்கும் இதில் பங்குண்டு. பருவத் தேர்வு நெருக்கடியில், ஆய்வேடுகளின் பக்க எண்ணிக்கையையும் அட்டைக் கட்டையும் பார்த்து மதிப்பெண் வழங்கிய நாள்கள் உண்டு. 'இதை ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற ஒரு கேள்வியை அன்றே வகுப்பறையில் கேட்டிருந்தால், அறிக்கைகளை விற்கும் கடைகளுக்கு வேலையே இருந்திருக்காது.

பரிந்துரைக்க உறவினரோ, சரளமான ஆங்கிலமோ இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தன் கையால் செய்த பணியே பெருந்துணை. அதைச் செய்ய வைப்பதும், அதைப் பற்றிப் பேசப் பழக்குவதும் கல்லூரிகளின் கடமை. வேலைவாய்ப்பு முகாமுக்கு முந்தைய வாரத்தில் தொடங்கினால் அது கைகூடாது. முதலாண்டிலேயே தொடங்க வேண்டும்.