ஆண்ட்ராய்டை உதறிய போன்

ஆண்ட்ராய்டுக்கு எழுதிய செயலி எதையும் இந்தப் போனில் நேரடியாக நிறுவ முடியாது. ஆண்ட்ராய்டு செயலியைச் சுமந்துவரும் ஏபிகே கோப்பைக் கொடுத்தால் அதை என்ன செய்வதென்றே அதற்குத் தெரியாது. ஐபோனும் இல்லை. சீனாவின் ஹுவாவே நிறுவனம் 2024 அக்டோபர் 22 அன்று வெளியிட்ட ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட் என்ற இயங்குதளத்தில் ஓடுகிற போன் அது. உலகம் முழுக்க இரண்டே இயங்குதளங்களுக்குள் அடங்கிப்போன பிறகு, மூன்றாவதாக ஒன்றை அடியிலிருந்து எழுத அசட்டுத் துணிச்சல் வேண்டும். அல்லது வேறு வழியே இல்லாத நிலை வர வேண்டும். ஹுவாவேக்கு வந்தது இரண்டாவது.

2019 மே மாதம் அமெரிக்கா அந்த நிறுவனத்தை வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதன் புதிய போன்களுக்கு கூகுளின் பிளே ஸ்டோர், மேப்ஸ், ஜிமெயில் எதுவும் கிடையாது என்றாயிற்று. அந்த ஆகஸ்டிலேயே ஹார்மனிஓஎஸ் அறிவிக்கப்பட்டது; முதலில் வந்தது டிவியில். 2021 ஜூனில் போன்களுக்கு வந்தபோது, ஆண்ட்ராய்டின் திறந்தமூல நிரலே உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துப் பலர் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இருந்தது. நெக்ஸ்ட் பதிப்பில்தான் அந்த நிரல் மொத்தமாக வெளியேறியது. அதற்கும் அடியில் இருந்த லினக்ஸ் கெர்னலும் கூடவே போயிற்று.

என்னைக் கேட்டால், சுவாரசியம் அங்கேதான் தொடங்குகிறது.

எந்தச் செயலி சிப்பில் எவ்வளவு நேரம் ஓடலாம், நினைவகத்தில் எந்த இடம் யாருக்கு, கேமராவை இப்போது யார் தொடலாம் என்று தீர்மானிப்பது கெர்னல். லினக்ஸில் கோப்புகளைக் கையாளும் பகுதி, நெட்வொர்க், வன்பொருள்களை இயக்கும் டிரைவர்கள் எல்லாமே அந்தக் கெர்னலுக்குள், ஒரே நினைவகப் பரப்பில் வேலை செய்கின்றன. சுவரே இல்லாத கூடம் மாதிரி. ஒருவரிடம் ஒருவர் கேட்டுவாங்கத் தாமதமே கிடையாது. ஆனால் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் வைஃபை டிரைவரில் ஓர் ஓட்டை விழுந்தாலும், அதன் வழியே நுழைந்தவருக்கு மொத்தப் போனும் கைவசமாகிவிடலாம்.

இதற்கு மாற்று வழி வெகுகாலமாகவே உண்டு: மைக்ரோகெர்னல். தவிர்க்கவே முடியாத நாலைந்து வேலைகளை மட்டும் கெர்னலில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வெளியே தனித்தனி நிரல்களாக ஓடவிடுவது. டிரைவர் செத்தால் டிரைவர் மட்டும் சாகும். அதை மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். 1992-இல் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸைப் பார்த்து, இந்தக் காலத்தில் போய் ஒற்றைப் பாறையாகக் கெர்னல் எழுதுவதா என்று இணையத்தில் சாடினார். டோர்வால்ட்ஸும் விடவில்லை. ஏட்டளவில் டானன்பாம் பக்கம் வலுவாக இருந்தது. சந்தையில் ஜெயித்தது லினக்ஸ்.

ஒரு முக்கியக் காரணம் வேகம். தனித்தனியாகப் பிரித்த பகுதிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு செய்தியும் கெர்னல் வழியாகப் போய் வர வேண்டும். மாக் என்ற அந்தக் காலத்து மைக்ரோகெர்னல் இதிலேயே மூச்சுவாங்கியது. 1990-களில் யோகன் லீட்கெ எழுதிய எல்4 என்ற மைக்ரோகெர்னல், செய்தி அனுப்பும் செலவை வெகுவாகக் குறைத்துக் காட்டியது. அதற்குப் பிறகும் மைக்ரோகெர்னல்கள் பெரும்பாலும் ஒதுக்குப்புறமான வேலைகளில்தான் இருந்தன. ஐபோனில் கைரேகை, முக அடையாளங்களைக் காக்கும் தனிச் சிப்பகுதியில் ஓடுவது எல்4 வழிவந்த ஒன்றுதான். ஒரு போனின் மொத்தப் பாரத்தையும் அதன் தலையில் வைப்பது வேறு சமாச்சாரம்.

ஹுவாவேயின் பொறியாளர்கள் 2024 ஜூலையில் ஓஎஸ்டிஐ ஆய்வு மாநாட்டில் நெக்ஸ்ட்டில் லினக்ஸின் இடத்துக்கு வந்த தங்கள் ஹொங்மெங் கெர்னலை விளக்கிக் கட்டுரை வாசித்தார்கள். கொள்கைப் பிடிவாதத்தைத் தளர்த்தியதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவுக்குப் பிரித்துவைக்கவில்லை. நம்பகமானதும் அடிக்கடி அழைக்கப்படுவதுமான பகுதிகளுக்கு இலேசான தடுப்பு, மற்றவற்றுக்கு முழுத் தடுப்பு என்று தரம் பிரித்தார்கள். கோப்புகளைக் கையாளும் பகுதிக்கும் நினைவகத்தைப் பங்கிடும் பகுதிக்கும் ஓயாத பேச்சுவார்த்தை நடக்கும் என்பதால், வேகம் முக்கியமான இடங்களில் இரண்டையும் சேர்த்துவைக்க வழி செய்தார்கள். லினக்ஸுக்காக எழுதப்பட்ட டிரைவர்களை ஓர் உறைக்குள் அடைத்து அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். டானன்பாம் கேட்ட தூய்மை இதில் இல்லைதான். ஆனால் ரவுட்டர், கார், போன் என்று கோடிக்கணக்கான கருவிகளில் இது ஓடுகிறது.

போனைக் கையில் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. படுவது வேறு. இரண்டு போன்களின் உச்சியை இலேசாக மோதினால் படம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. மேட் 70 போனில் திரைக்கு எதிரே கையை மூடி ஒரு படத்தைப் ‘பிடித்து’, பக்கத்திலிருக்கும் டேப்லெட் முன்னால் கையை விரித்தால் படம் அங்கே விழுகிறது. மாயாஜாலம் போல இருந்தாலும், அருகிலிருக்கும் கருவிகளை இயங்குதளமே கண்டுபிடித்து இணைத்துவைத்திருப்பதன் பலன் அது. என் மனத்துக்குப் பிடித்தது இவ்வளவு பகட்டில்லாத ஒன்று. ஒரு செயலிக்கு உங்களிடமிருந்து ஒரு படம் வேண்டுமென்றால், கேலரி முழுவதையும் திறந்துவிடச் சொல்லி அது கெஞ்ச வேண்டியதில்லை. இயங்குதளமே ஒரு பெட்டியைத் திறந்து காட்டும். நீங்கள் தொட்ட படம் மட்டும் செயலிக்குப் போகும். மற்றவை இருப்பதே அதற்குத் தெரியாது. தொடர்பு எண்களுக்கும் இதே ஏற்பாடு. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஆனால் பழைய பழக்கங்களைச் சுமக்காத புதிய தளத்தில் இதையே சட்டமாக வைப்பது எளிது.

சரி, செயலிகள்? முன்பு முயன்று தோற்ற விண்டோஸ் போனுக்கும் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸுக்கும் பெரும் தடையாக நின்றது அவை இல்லாததுதான். நெக்ஸ்ட்டுக்குச் செயலி எழுத வேண்டுமென்றால் டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை நீட்டி உருவாக்கிய ஆர்க்டிஎஸ் மொழியில் பெரும்பாலும் புதிதாக எழுத வேண்டும். வெளியீட்டு நாளில் 15,000-க்கும் மேற்பட்ட செயலிகளும் சேவைகளும் தயார் என்று ஹுவாவே சொன்னது. பெரிய எண்தான், ஆனால் சீனாவில் வீசாட் என்ற அரட்டைச் செயலி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அதுவோ அப்போது சோதனைப் பதிப்பாகவே இருந்தது. ஹுவாவேயும் ஜாக்கிரதையாகத்தான் நடந்துகொண்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த மேட் 70-ஐ வாங்கியவர்கள் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடும் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ளலாம் என்று விட்டுவைத்தது.

இன்னும் ஒரு வேடிக்கை. ஹுவாவேயின் செயலிக் கடையிலேயே ட்சுவோயீதொங் என்றொரு செயலி கிடைக்கிறது. அது ஆண்ட்ராய்டு சூழலைத் தனக்குள் ஒரு கூண்டு போல உருவாக்கி, அதற்குள் ஆண்ட்ராய்டுச் செயலிகளை ஓட்டிக் காட்டுகிறது.